ஒரே வாரத்தில் இரண்டு பட்டைகள்

1

இந்தக் கதையை எழுதும் எண்ணமே எனக்கு இருக்கவில்லை. நான் எழுத உட்கார்ந்தது ஒரு கையேடு. 1979இல் கோயம்புத்தூரில் ஒரு தொழிற்பயிற்சி நிலையம் ஃபோர்மேன்களுக்காகச் சின்னச் சின்னத் தமிழ்ப் புத்தகங்கள் போட்டது. என் பங்குக்கு வந்த தலைப்பு, 'குழுவாக வேலை செய்வோருக்கு கான்ட் சார்ட்'. அந்தச் சார்ட்டைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. கதை எழுதுகிறவன் எதையும் எளிமையாக எழுதிவிடுவான் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

கொல்லங்கோட்டில் ஞானம் என்று ஒரு பெண் டிராயிங் சொல்லிக்கொடுக்கிறார், கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலை கட்டும்போது சார்ட்டெல்லாம் வரைந்தவர் அவர்தான், போய்க் கேளுங்கள் என்றார்கள். போனேன். முதல் ஒரு மணி நேரம் சார்ட்டைப் பற்றிச் சொன்னார். பிறகு, அதே குரலில், ஒரு மனிதர் செத்ததைப் பற்றிச் சொன்னார்.

திரும்பும்போது, வழியில் புதுநகரத்தில் இறங்க வேண்டியவன் பாலக்காடு வரைக்கும் போய்விட்டேன். கண்டக்டர் தட்டி எழுப்பினார் என்று எழுத ஆசை. நான் தூங்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

கையேட்டை வேறு யாரோ எழுதினார்கள். நன்றாக வந்திருப்பதாகக் கேள்வி.

2

தொடக்கங்கள்.

'கஞ்சிக்கோட்டில் ஆடி மாதக் காற்று கணவாயைத் தாண்டி வரும்போது அதற்கு ஒரு…' [நிறுத்திவிட்டேன். காற்றைப் பிறகு சொல்லியே ஆகவேண்டும். இங்கே அதை அழகு பார்க்கக் கூடாது.]

'குழிக்குள் இறங்கும்போது சங்கையாவின் மனதில்…' [எனக்கு எப்படித் தெரியும்? செத்துப்போனவர் மனதுக்குள் நுழைந்து ஆளில்லாத வீட்டில் சாமான் எடுப்பதுபோல எடுத்துக்கொண்டு வர எனக்குக் கூச்சமாக இருக்கிறது.]

மூன்றாவது தொடக்கம் கையேட்டுக்காக எழுதியது. அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். இது புரியாமல் கதை புரியாது.

ஒரு பெரிய தாள். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக வேலைகளின் பெயர்கள்: அஸ்திவாரம், தூண், கூரை, இயந்திரம் பூட்டுவது, கரண்ட் இழுப்பது. தாளின் தலையில் இடமிருந்து வலமாக வாரங்கள். ஒவ்வொரு வேலைக்கும் அது தொடங்கும் வாரத்திலிருந்து முடியும் வாரம் வரை ஒரு பட்டை. பட்டையின் பக்கத்தில் பொறுப்பாளர் பெயர். வேலை ஆக ஆகப் பட்டைக்குள் வண்ணம் தீட்டிக்கொண்டே வர வேண்டும். இன்றைய தேதியில் ஒரு கோட்டைச் செங்குத்தாகப் போட்டால், யார் முந்தியிருக்கிறார், யார் பின்தங்கியிருக்கிறார் என்று வாசலில் நின்றபடியே தெரிந்துவிடும். கான்ட் என்ற அமெரிக்க எஞ்சினியரின் பெயர் அதற்கு.

"பத்துப் பேர் பத்து விதமாப் பேசறதை ஒரே தாள்ல பேச வைக்கறதாக்கும் இது. நம்ம வேலை தாமதமானா அடுத்தவன் எங்க போய் இடிச்சுப்பான்னு அதுல தெரியும்" என்றார் ஞானம்.

இதைவிடத் தெளிவாக என்னால் எழுத முடியவில்லை. இதில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. அவரும் 1976 வரை கவனித்ததில்லையாம்.

3

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன்.

ஞானம் பாலக்காட்டுக் கல்பாத்திப் பெண். 1976இல் இருபத்தாறு வயது. டிப்ளமோ முடித்து வீட்டில் இருந்தவரைக் கஞ்சிக்கோட்டு வேலைக்குக் கூட்டிப்போனவர் ராமபத்ரன். ஒரே தெரு. தெருவில் 'மாமா', ஆபீசில் 'சார்'. தொழிற்சாலை கட்டும் பொறுப்பு முழுக்க அவருடையது. சார்ட் வரைய ஞானத்துக்குக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

பொங்கியண்ணன் கூரை வேலை எடுத்தவர். எல்லையோரத்துக் கோபாலபுரத்துக்காரர். சொந்த ஊரிலிருந்தே ஆட்களைக் கூட்டிவந்து, அவர்களோடு ஷெட்டுக்குப் பின்னால் ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்.

சங்கையா இயந்திரம் பூட்டுகிற ஃபிட்டர். இடுக்கி மலையில் ஒரு தேயிலை எஸ்டேட் ஃபேக்டரியில் தொழில் கற்றவர். மனைவி குருவம்மாள் அந்த எஸ்டேட்டிலேயே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்ததும் குவார்ட்டர்ஸ் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான் மலையை விட்டு இறங்கினார்.

[சங்கையாவுக்கு ஒரு பழக்கம் கொடுக்கலாம் என்று பார்த்தேன்: பாடுவார், வெற்றிலை போடுவார். ஞானத்திடம் கேட்டேன். "சார்ட்டுல தன் பட்டைக்கு வண்ணம் அடிக்கறதுன்னா அவருக்கு ரொம்ப இஷ்டம். பென்சிலை என் கையிலேர்ந்து வாங்கித் தானே அடிப்பார். கோட்டுக்கு வெளில போகாது" என்றார். அது போதும்.]

4

முதல் சார்ட்டில் எல்லாம் சரியாகவே இருந்தது. கூரை முடியும், அதன் பிறகு கீழே குழியில் தகடு அழுத்துகிற பெரிய பிரஸ் உட்காரும். கூரைப் பட்டை முடிகிற இடத்துக்கு நேர் கீழே, அடுத்த வாரத்தில், பிரஸ் பட்டை தொடங்கியது.

அந்த வருஷம் மழை சீக்கிரமே வந்து பிடித்துக்கொண்டது. ஷீட் ஏற்ற முடியவில்லை. கூரைப் பட்டையில் வண்ணம் பாதியில் நின்றது. திறப்பு விழாத் தேதியை மேலிடம் மாற்ற மாட்டேன் என்றது. அவசரநிலைக் காலம். 'முடியாது' என்ற வார்த்தையை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

ஒரு திங்கட்கிழமை நான்கு பேரும் சார்ட்டின் முன்னால் நின்றார்கள்.

"பிரஸ்ஸை முன்னாடி இழுத்துண்டா என்ன? மேல ஆள் வேற, கீழ ஆள் வேற. சாமானும் வேற" என்றார் ராமபத்ரன்.

"எனக்கொண்ணும் இல்லீங்க. மழ உட்டா ஷீட்ட ஏத்திப்போடுவேன். கீழ ஆரு இருந்தா என்னுங்க?" என்றார் பொங்கியண்ணன்.

ஞானம் சங்கையாவைப் பார்த்தார்.

"போட்டுருங்கம்மா. சும்மா உக்காந்துக்கிட்டு இருக்கதுக்கு எறங்கி லெவல் பாத்தா ஒரு வேல ஆச்சு" என்றார் சங்கையா.

ஞானம் அன்றே புதிய சார்ட் வரைந்தார். ரிவிஷன் நான்கு. கூரைப் பட்டையும் பிரஸ் பட்டையும் ஒரே வாரத்தில். மூலையில் தன் இனிஷியல் போட்டு, பிரிண்ட் எடுத்துச் சுவரில் மாட்டினார். நான்கு பேரும் டீ குடித்தார்கள்.

கதாசிரியனாக எனக்கு இந்த இடம் பிடிக்கவே இல்லை. இங்கே ஒருவர் எச்சரித்திருக்க வேண்டும். ஒருவர் அதட்டியிருக்க வேண்டும். ஒருவர் பயந்து ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படியெல்லாம் நடக்கவில்லை. நான்கு பேருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. செத்தவருக்கும்.

5

அந்த வாரத்திலேயே ஒரு நாள் காலை. மழை விட்டிருந்தது, காற்று விடவில்லை. கூரையில் பொங்கியண்ணனின் ஆட்கள் ஒரு ஷீட்டைத் தூக்கி நிறுத்தினார்கள். காற்று அதைப் பாய்மரம் மாதிரிப் பிடித்துத் தள்ளியது. பிடித்துக்கொண்டிருந்த ஆள் சமாளிக்கப் பார்த்தான். போல்ட் போடாமல் வைத்திருந்த ஓர் இரும்பு ஆங்கிள் அவன் காலில் பட்டு நழுவியது.

குழிக்குள் சங்கையா குனிந்து ரசமட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

[இதற்குமேல் ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். ஞானம் அதைச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்ளவில்லை. என்னால் எழுத முடியவில்லை.]

ஞானம் ஓடிப்போய்ப் பார்த்தார். யாரோ "துணி, துணி" என்று கத்தினார்கள். முதலுதவிப் பெட்டிக்காக ஆபீசுக்கு ஓடி வந்தார். பெட்டி சார்ட்டுக்குக் கீழே இருந்த அலமாரியில். குனிந்து எடுத்து நிமிர்ந்தபோது சார்ட் முகத்துக்கு நேரே இருந்தது.

"நான் அப்படியே நின்னுட்டேன். எவ்வளவு நேரம்னு தெரியல. கூரை இதோ இங்க, மேல் வரிசைல. பிரஸ் அதோ அங்க, அடில. நடுவுல ஒரு முழம் தாள். கரண்ட், பைப், பெயிண்டு, என்னென்னமோ வரிசை. அவ்வளவு தூரத்துல இருந்தா ரெண்டு பேரும். தாள்ல."

ஷெட்டில் அந்தக் குழிக்கு நேர் மேலே இந்தக் கூரை.

நான் சொன்ன ஓட்டை இதுதான். எந்த வேலை, எந்த வாரம், யார் பொறுப்பு எல்லாம் அந்தத் தாளில் உண்டு. எந்த இடத்தில் என்று அதில் ஒரு வரிசை கிடையாது. இரண்டு பட்டைகளும் ஒன்றை ஒன்று தொடவே இல்லை. ஆகவே நான்கு கெட்டிக்காரர்கள் அதன் முன்னால் நின்று, தொடாது என்றே நம்பினார்கள்.

பெட்டியை எடுத்துக்கொண்டு அவர் திரும்பிப் போனபோது அதற்குத் தேவை இருக்கவில்லை.

6

உடலை லாரியில் மலைக்குக் கொண்டுபோனார்கள். கூடப் போனவர் பொங்கியண்ணன். கோபாலபுரம் செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள். ஒரு காவலர் வந்து தார்ப்பாயைத் தட்டினார்.

"என்ன லோடு?"

"லோடு இல்லீங்க" என்றார் பொங்கியண்ணன். "ஆளுங்க."

காவலர் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். மெதுவாக விட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தடுப்புக் கம்பை அவரே போய்த் தூக்கிவிட்டார். சொந்த ஊர் வழியாகப் போயும் பொங்கியண்ணன் வீட்டுக்குள் எட்டிப்பார்க்கவில்லை.

எஸ்டேட்டுக்குத் தந்தி கொடுத்திருந்தார்கள். தந்திக்கு முன்னால் லாரி போய்ச் சேர்ந்துவிட்டது. கஞ்சிக்கோட்டு லாரி என்று கேள்விப்பட்டுக் குருவம்மாள் கொழுந்துக் கூடையோடு சரிவில் ஓடி வந்தாள். பின்பக்கம் அவள் பார்க்கவே இல்லை. முன்பக்கம் ஏறி டிரைவர் சீட்டுக்கு அடுத்த சீட்டை எட்டிப் பார்த்தாள். அங்கே பொங்கியண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"அவுக வரலையா?" என்று கேட்டாளாம்.

இதைப் பொங்கியண்ணன் ஞானத்திடம் சொல்லி, ஞானம் என்னிடம் சொன்னார். மூன்றாவது ஆளாக நான் எழுதுகிறேன். இன்னும் கை பழகவில்லை.

7

ராமபத்ரனைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. நிஜமாகவே அவர் இப்படித்தானா? கதைக்கு வசதியாக நான் ஆக்குகிறேனா? முதல் பிரதியில் அவரை வில்லனாக எழுதினேன், மேஜையைத் தட்டுகிற ஆளாக. ஞானம் படித்துவிட்டு, "அவர் மேஜையைத் தட்டினதே இல்லை. என்னைப் பக்கத்துல உக்கார வெச்சுப் பேசினார். அழுதார்" என்றார். திருத்தி எழுதுகிறேன்.

"ஞானம், கேளு. ரிவிஷன் நாலுல உன் இனிஷியல் இருக்கு. இன்ஸ்பெக்டர் வந்தா முதல்ல உன்னைத்தான் பிடிச்சுப்பான். பழையபடி கூரை முடிஞ்சப்பறம் பிரஸ்னு ஒண்ணு வரைஞ்சுடு. தேதியை மட்டும் மழைக்குத் தகுந்தாப்பல தள்ளிக்கோ."

"அப்போ சங்கையா ஏன் குழிக்குள்ள இருந்தார்னு கேட்டா?"

ராமபத்ரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவனாவே இறங்கினான்."

"மாமா!" ஆபீசில் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"செத்தவனுக்கு இனிமே என்ன ஆகணும்? இருக்கறவாளைப் பாக்கணுமா வேண்டாமா? உங்கப்பா என்னை நம்பி அனுப்பினார் உன்னை. உன் பேர் கோர்ட்ல அடிபட நான் விடமாட்டேன்."

"எனக்குக் கை வராது."

"செரி" என்றார் அவர். "ஆத்துக்குப் போ. ரெஸ்ட் எடு."

மறுநாள் ஞானம் ஆபீசுக்குள் நுழைந்தபோது சுவரில் புதிய சார்ட் தொங்கியது. கூரை முடிந்து பிரஸ். மூலையில் ரிவிஷன் நான்கு. அதன் பக்கத்தில் அவருடைய இனிஷியல், அவர் போடுகிற அதே சாய்வில்.*

"கிட்டப்போய்ப் பார்த்தேன். என் எழுத்துதான். ஒரு நிமிஷம், நேத்து நானே வரைஞ்சுட்டு மறந்துட்டேனோன்னு நெனைச்சேன். அப்படி நெனைச்சதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு."

பழைய சார்ட் எங்கேயும் இல்லை. தேடினார். மூலப் படமும் இல்லை.

* டிராயிங் எழுத்துகளை அச்சுத் தகட்டில் பேனாவை ஓட்டி எழுதுவார்கள். யார் எழுதினாலும் ஒரே மாதிரி வரும். இனிஷியல் மட்டும் கையால். அதை எப்படிப் போட வேண்டும் என்று ஞானத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று நான் மறுபடி எழுதவேண்டியதில்லை.

8

விபத்தை விசாரிக்க வந்த ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் மலையாளி. நிதானமான மனிதர். சார்ட்டைச் சுவரிலிருந்து கழற்றி மேஜையில் விரித்தார்.

"பேடிக்கண்டா, பயப்பட வேண்டாம். இது நீங்க வரைஞ்சதுதானே?"

அறையில் ராமபத்ரன் இருந்தார். வாசலில் பொங்கியண்ணன் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"இல்லை சார்" என்றார் ஞானம். "நான் வரைஞ்சதுல கூரையும் பிரஸ்ஸும் ஒரே வாரத்துல இருந்துது. அதைப் பாத்துதான் சங்கையா உள்ள இறங்கினார்."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை எடுத்துவிட்டார். "அப்படிச் சொன்னா தோஷம் உங்களுக்காக்கும். மனசிலாயோ?"

"புரியறது."

ராமபத்ரன் மென்மையாகச் சொன்னார்: "சார், அவ ஷாக்ல இருக்கா. ரத்தத்தைப் பாத்துட்டா. குழந்தை."

இன்ஸ்பெக்டர் வாசலைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. சுவர்ல எந்தச் சார்ட் இருந்தது?"

[இங்கே ஒரு முடிவு எழுதினேன். பொங்கியண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வருகிறார். "அம்மிணி சொல்றதுதானுங்க நெசம்" என்கிறார். ராமபத்ரன் தலைகுனிகிறார். படித்த நண்பர் கைதட்டினார். ஒரு வாரம் அதை அப்படியே வைத்திருந்தேன். பிறகு முழுப் பக்கத்தையும் அடித்தேன்.]

பொங்கியண்ணன் சொன்னது இது: "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. செவுத்துல என்ன இருந்துச்சோ."

அவருக்குப் படிக்கத் தெரியும். பேப்பரை வரி விடாமல் படிக்கிறவர். ஞானத்தைப் பார்க்காமல் சொன்னார். தன் காதையே நம்பாமல் ஞானம் அவரைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் அவர் வாசலில் இல்லை.

அவரைப் பற்றிக் கேவலமாக இரண்டு வரி எழுதி, அவற்றையும் எடுத்துவிட்டேன். 'ஆமாம்' என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி, ஆங்கிள் யார் காலில் பட்டு விழுந்தது என்பது. அந்த ஆள் பொங்கியண்ணனின் ஊர்க்காரன். ஒரே அடுப்பில் சாப்பிட்டவன். அன்றையிலிருந்து சோறு இறங்காமல் ஷெட்டுக்குப் பின்னால் குப்புறப் படுத்துக் கிடந்தவன். எந்தப் பக்கம் பேசினாலும் ஒருவனைக் கொடுத்தாக வேண்டும் என்ற நிலையில் ஒரு மனிதரை நிறுத்திவிட்டு, அவர் எழுத்தறியாதவராக நடித்தார் என்று சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஷெட்டுக்குப் போனார். பேண்டை மடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கி, சங்கையா நின்ற இடத்தில் நின்றார். கீழே பிரஸ்ஸின் அடித்தட்டு பாதி லெவலில் கிடந்தது. கிரேன் இல்லாமல், ஆட்கள் இல்லாமல், யாரும் உத்தரவிடாமல் அதை ஒரு மனிதன் தானாகக் குழிக்குள் இறக்கியிருக்க முடியாது. பிறகு அண்ணாந்து பார்த்தார். அவர் தலைக்கு நேர் மேலே ஷீட் முடிந்து வானம் தொடங்கியது.

சங்கையாமேல் தவறில்லை என்று எழுதினார். எந்தச் சார்ட் உண்மை என்பதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. குருவம்மாளுக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. தொழிற்சாலை திறந்தது. யாரும் ஞானத்தை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. அவரே போய்விட்டார். பென்சிலை எடுத்தால் கை மரத்துப்போனது என்றார்.

அடுத்த கல்பாத்தித் தேருக்கு ராமபத்ரன் எதிரே வந்தார். "சௌக்கியமா ஞானம்?" என்று கேட்டார். "சௌக்கியம் மாமா" என்றார் ஞானம். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தேர் பார்க்கப் போனார்.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். நானும் இங்கேதான் முடித்தேன். பிரதியைக் கொடுக்கப் போனபோது ஞானம் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "குருவம்மா வந்ததைச் சொல்லலையே நான் உங்ககிட்ட?" என்றார்.

9

வழி விசாரித்து விசாரித்துக் கொல்லங்கோட்டுக்கு வந்தாள் குருவம்மாள். தனியாக. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ஞானம் காப்பி கொண்டுவந்து வைத்தார்.

"எஸ்டேட்டு ஆபீசுல சொன்னாக. நீங்க வாயத் தொறந்து சொன்னதாலதான் அவுக மேல பழி வரலைன்னு."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. காப்பி குடிங்கோ."

"ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டுப் போயிருதேன்."

"கேளுங்கோ."

"நீங்க போட்ட படத்தப் பாத்துதான் அவுக எறங்குனாகன்னு சொன்னீகளாமே. அது நெசமா? இல்ல, பாவம் தாலியறுத்த பொம்பளைன்னு எனக்கு எரக்கப்பட்டுச் சொன்னதா?"

ஞானம் காப்பி டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"எரக்கப்பட்டுச் சொன்னீகன்னா, அவுக தானாப் போயி, யாரு பேச்சும் கேக்காம எறங்கித்தான் செத்திருக்காக. எனக்குப் பெறகு யாரு மேலயும் கோவம் இல்ல. அவுக மேல மட்டுந்தான். அத நான் தாங்கிக்கிடுவேன்." சேலை முந்தானையை இறுக்கிக்கொண்டாள். "நெசம்னா, நான் உங்க வீட்டுல உக்காந்திருக்கேன்."

[இதற்கு அடுத்த வரியை நான் எழுதியிருக்கிறேன். ஞானம் பதில் சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்டுக் குருவம்மாள் என்ன செய்தாள் என்பதும் தெரியும். அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் இரண்டையும் அடித்துவிட்டேன். அடித்த இடம் இதுதான்:

]

நான் மறைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். உண்மை என்னவென்று உங்களுக்கும் தெரியும். இத்தனை பக்கம் படித்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியாதது ஒன்றுதான். அவளை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியுமா, சொல்லத்தான் வேண்டுமா என்பது.

நாற்காலி நுனியில் குருவம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது. அவள் உங்களைப் பார்க்கிறாள்.

சொல்லுங்கள்.